வேண்டாத மின்னஞ்சல்: தடுப்பு முறைகளின் வரலாறு

பெறுபவர் கேட்காமலேயே மொத்தமாக அனுப்பப்படும் விளம்பரங்களும் மோசடிக் கடிதங்களும் ஸ்பேம் எனப்படுகின்றன. தபாலில் விளம்பரம் அனுப்புபவர் அச்சுக்கூலியும் தபால்தலைச் செலவும் கொடுத்தாக வேண்டும். மின்னஞ்சலில் ஆயிரம் பேருக்கு அனுப்பினாலும் லட்சம் பேருக்கு அனுப்பினாலும் அனுப்புபவருக்குச் செலவு பெரிதாகக் கூடுவதில்லை. கடிதத்தைச் சேமித்து வைக்கும் இடம், திறந்து பார்த்து அழிக்கும் நேரம் எல்லாம் பெறுபவர் தலையில் விழுகின்றன. இந்தச் சுமையைப் பெறுபவரிடமிருந்து இறக்கி, முடிந்தவரை அனுப்புபவர் பக்கமே தள்ளும் முயற்சியாகவே ஸ்பேம் தடுப்பு வளர்ந்துள்ளது.

சிக்கல் வரும் முன்பே அதைக் கண்டவர் ஜான் போஸ்டல். இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் வலையமைப்பில், ஒரு குறிப்பிட்ட இடத்திலிருந்து வரும் செய்திகளை ஏற்க மறுக்க வழியில்லை என்று 1975 நவம்பரில் அவர் எழுதிய ஒரு குறிப்பு சுட்டிக்காட்டியது. மூன்றாண்டுகள் கழித்து, 1978 மே மாதத்தில், டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் நிறுவனத்தின் விற்பனைப் பிரிவைச் சேர்ந்த கேரி துர்க், தன் நிறுவனத்தின் புதிய கணினிகளைக் காட்டும் கூட்டங்களுக்கு அழைப்பு விடுத்து ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினார். முகவரிகள் அச்சிட்ட பயனர் முகவரிப் புத்தகத்திலிருந்து எடுத்துத் தட்டச்சு செய்யப்பட்டவை. அத்தனை முகவரிகளுக்கும் பெறுநர் பகுதியில் இடம் போதாததால், மீதி முகவரிகள் வழிந்து கடிதத்தின் உடலுக்குள்ளேயே வந்துவிட்டன. கூட்டம் பற்றிய செய்தியைப் படிக்க, முன்னால் நின்ற முகவரி வரிசையைத் தாண்ட வேண்டியிருந்தது. அரசுப் பணிக்கான வலையமைப்பில் வியாபாரம் கூடாது என்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறை கண்டித்தது. பயனர்கள் சில ஆயிரம் பேராக இருந்தவரை இந்தக் கண்டிப்பே போதுமானதாக இருந்தது.

1982இல் வரையறுக்கப்பட்ட எஸ்எம்டிபி என்னும் அஞ்சல் நெறிமுறை ஒருவரையொருவர் நம்பும் சூழலுக்காக எழுதப்பட்டது. அனுப்புநர் என்று எந்தப் பெயரைப் போட்டாலும் சர்வர் அதை ஏற்றுக்கொண்டது. யார் கொடுத்த கடிதத்தையும் வாங்கி அடுத்த இடத்துக்குக் கடத்துவதும் அன்றைய வழக்கம். 1990களில் இணையம் வணிகத்துக்குத் திறந்துவிடப்பட்டதும் இந்த இரண்டு வசதிகளும் ஓட்டைகளாயின. 1994 ஏப்ரலில் அரிசோனாவைச் சேர்ந்த வழக்கறிஞர்கள் லாரன்ஸ் கேன்டரும் மார்த்தா சீகலும் கிரீன் கார்டு குலுக்கல் பற்றிய விளம்பரத்தை யூஸ்நெட் என்னும் இணைய விவாத வலையமைப்பின் 5,000க்கும் மேற்பட்ட குழுக்களில் போட்டனர். கண்டனம் குவிந்தும் அவர்கள் பின்வாங்கவில்லை. இந்த வழியில் ஆள் பிடிக்கலாம் என்ற செய்தியே மற்ற விளம்பரதாரர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. விரைவில் இணையப் பக்கங்களிலிருந்து முகவரிகளை அள்ளும் மென்பொருள்கள் விற்பனைக்கு வந்தன.

ஆரம்பகாலத் தடுப்புகளில் ஒன்று கறுப்புப் பட்டியல். 1997இல் பால் விக்ஸியும் கூட்டாளிகளும் ஸ்பேம் கிளம்பும் கணினிகளின் முகவரிகளைத் தொகுத்து வெளியிட்டனர். ஸ்டீவ் லின்ஃபோர்டு 1998இல் லண்டனில் தொடங்கிய ஸ்பாம்ஹாஸ் இன்றும் இப்பணியைச் செய்கிறது. கடிதம் வரும்போதே சர்வர் இந்தப் பட்டியலைப் பார்த்து வாசலிலேயே திருப்பிவிடும். அதே கணினியைப் பயன்படுத்தும் குற்றமற்றவர்களின் அஞ்சலும் சேர்ந்து தடைபடுவது இதன் குறை.

தனி இன்பாக்ஸில், சில சொற்கள் இருந்தால் ஒதுக்கு என்று பயனரே விதி எழுதிவைக்கும் முறை இருந்தது. எழுத்தை மாற்றிப் போட்டால் அந்த விதி தோற்றது. 2002 ஆகஸ்டில் பால் கிரகாம் எழுதிய கட்டுரை வேறு வழியைப் பரவலாக்கியது. பயனர் ஸ்பேம் என்று ஒதுக்கியவை ஒரு குவியல், நல்லவை இன்னொரு குவியல். ஒவ்வொரு சொல்லும் எந்தக் குவியலில் எத்தனை முறை வருகிறது என்று நிரல் எண்ணிக்கொள்கிறது. புதிய கடிதத்தில் தனித்துத் தெரியும் 15 சொற்களை எடுத்து, அது ஸ்பேமாக இருப்பதற்கான நிகழ்தகவைக் கணக்கிடுகிறது. இதற்கு அடிப்படை 18ஆம் நூற்றாண்டின் தாமஸ் பேய்ஸ் பெயரில் வழங்கும் தேற்றம். கிரகாமின் கணக்கில், எழுத்துகளைப் பளிச்சென்ற சிவப்பில் காட்டும் நிறக்குறியீடு, ஆபாசச் சொற்களுக்கு நிகராக ஸ்பேமைக் காட்டிக்கொடுத்தது. மனிதர் எழுதும் விதியில் அது இடம்பெற்றிருக்காது. ஸ்பேம் அனுப்பியவர்கள் பதிலுக்குப் பொருத்தமில்லாத நல்ல சொற்களைக் கொட்டிக் கணக்கைக் குழப்பினர். விளம்பரத்தைப் படமாக்கியும் அனுப்பினர்.

சட்டங்களும் வந்தன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002ஆம் ஆண்டு நெறியாணை தனிநபருக்கு விளம்பரம் அனுப்ப முன் அனுமதி கேட்டது. 2004 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த அமெரிக்கச் சட்டமோ முன் அனுமதி கேட்கவில்லை. வேண்டாம் என்று சொன்னவரைப் பட்டியலிலிருந்து 10 வேலை நாட்களுக்குள் நீக்க வேண்டும் என்றது. அந்த ஜனவரியில் டாவோஸ் மாநாட்டில் பில் கேட்ஸ், ஸ்பேம் இரண்டாண்டுகளில் தீர்ந்துவிடும் என்றார். அவர் நம்பியிருந்த வழிகளில் ஒன்றான, கடிதத்துக்கு ஒரு கணக்கை அனுப்புநரின் கணினி போட்டுக்காட்ட வேண்டும் என்ற யோசனையை ஆடம் பேக் 1997லேயே 'ஹேஷ்கேஷ்' என்ற பெயரில் முன்வைத்திருந்தார். அஞ்சலில் அது நிலைக்கவில்லை. பின்னர் பிட்காயினில் அதே உத்தி பயன்பட்டது.

அதற்குள் வைரஸ் மூலம் கைப்பற்றிய வீட்டுக் கணினிகளே ஸ்பேம் அனுப்பும் படையாகிவிட்டன. அவற்றை இயக்கிய சர்வர்களுக்கு இடம் தந்த கலிஃபோர்னிய நிறுவனமான மெக்கோலோவின் இணைப்பு 2008 நவம்பரில் துண்டிக்கப்பட்டபோது, உலக ஸ்பேம் அளவு பாதிக்கும் கீழே சரிந்தது. சில மாதங்களில் மீண்டும் ஏறியது. காரணத்தை அதே ஆண்டு கலிஃபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினர்: ஏறக்குறைய 35 கோடி மருந்து விளம்பரக் கடிதங்களுக்கு 28 பேர் மட்டுமே வாங்க முன்வந்தனர். அனுப்பும் செலவு அவ்வளவு குறைவு என்பதால் அந்தத் தொழில் ஓடியது.

இதற்கிடையே தடுப்பின் கவனம் கடிதத்தின் சொற்களோடு நிற்காமல் அனுப்புநரின் அடையாளத்துக்கும் விரிந்தது. ஒரு பெயரில் எந்தச் சர்வர்கள் அனுப்பலாம் என்று அறிவிக்கும் எஸ்பிஎஃப், கடிதத்தில் மின்கையொப்பமிடும் டிகேஐஎம், இவை பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க் ஆகியவை படிப்படியாகப் பரவின. 2024 பிப்ரவரி முதல், நாளொன்றுக்கு 5,000 கடிதங்களுக்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புவோர் மூன்றையும் கடைப்பிடிக்க வேண்டும் என்று கூகுள் அறிவித்தது. விளம்பரக் கடிதங்களில் ஒரே சொடுக்கில் விலகும் வசதியும் வேண்டும். ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தை எட்டக்கூடாது.

இன்று பெறுபவரின் கையில் இருப்பவை இரண்டு பொத்தான்கள். தாமே பதிவுசெய்த கடை, வங்கி போன்ற இடங்களின் கடிதங்களுக்கு விலகல் பொத்தான் பொருந்தும். அறிமுகமில்லாத கடிதத்தில் உள்ள விலகல் இணைப்பைத் தொட்டால், முகவரி புழக்கத்தில் இருப்பது உறுதியாகிவிடக்கூடும். அதற்கு ஸ்பேம் என்று புகாரளிப்பதே முறை. அந்தப் புகார் வடிகட்டிக்குப் பாடமாகிறது, அனுப்புநரின் புகார் விகிதத்திலும் சேர்கிறது. நல்ல கடிதமும் ஸ்பேம் பெட்டியில் சிக்குவதுண்டு என்பதால், அந்தப் பெட்டியை அவ்வப்போது பார்த்துத் தவறாக விழுந்ததை எடுத்து வைப்பது இன்றும் பெறுபவர் வேலைதான்.