சுறாக் கட்டும் மாமாவின் பாஸ்வேர்டும்

மார்க்கோ போலோவின் பயண நூலில் நம்ம பக்கத்து முத்துக்குளிப்பு வருகிற பகுதியைப் பலமுறை படித்திருக்கிறேன். குறிப்பு எடுக்கும்போதெல்லாம் கணக்கைத்தான் எழுதி வைப்பேன்: எடுத்த முத்தில் பத்தில் ஒரு பங்கு ராஜாவுக்கு, இருபதில் ஒரு பங்கு மந்திரம் போடுகிறவருக்கு. அதே இடத்தில் இருந்த இன்னொரு விஷயம் உறைத்தது, தூத்துக்குடியில் என் மாமாவின் ஈமெயில் திருடு போன பிறகுதான்.

போலோ சொல்வது 13ஆம் நூற்றாண்டின் கடைசிக் காலம். ஏப்ரலில் தொடங்கி மே நடுப்பகுதி வரை முத்துக்குளிப்பு. கடலில் பெரிய மீன்களுக்குப் பயம். அதனால் வியாபாரிகள் மந்திரக்காரர்களை, அவர் கணக்குப்படி பிராமணர்களை, கூடவே கூட்டிக்கொண்டு போகிறார்கள். அவர்கள் மீனின் வாயைக் கட்டிய பிறகுதான் ஆள் இறங்குவான். இதுவரை எல்லாருக்கும் தெரிந்த கதை. அதற்கு அடுத்த வரியைத்தான் நான் கவனிக்காமல் விட்டிருக்கிறேன். அந்தக் கட்டு ஒரு நாளைக்குத்தான் செல்லும். சாயங்காலம் ஆனதும் மந்திரக்காரர் அதை அவிழ்த்துவிடுவார். ஏன் என்பதற்கு ராமூசியோ பதிப்பில் காரணமும் இருக்கிறது: ராத்திரியில் திருட்டுத்தனமாக இறங்கிச் சிப்பி எடுக்க நினைப்பவன், கட்டில்லாத மீனுக்குப் பயந்து கடலில் இறங்கமாட்டான்.

முத்துப் பார்கள் இருப்பது கரையிலிருந்து பல மைல் தள்ளி. வேலி போட முடியாது, ராத்திரி முழுக்கக் காவல் படகு நிறுத்தவும் முடியாது. பகலில் திறந்து இரவில் தானாகப் பூட்டிக்கொள்ளும் பூட்டு ஒன்று வேண்டும். நம்பிக்கையையே அதற்குப் பூட்டாக மாட்டியிருக்கிறார்கள். மந்திரம் சுறாவிடம் பலித்ததா என்பது வேறு கேள்வி, மனிதனிடம் பலித்திருக்கிறது.

இந்தத் தொழிலுக்குக் ‘கடல்கட்டி’ என்று தமிழில் பெயர். பரம்பரை உரிமை. மந்திரத்தின் சொற்கள் குடும்பத்தை விட்டு வெளியே போகாது. 1530களில் இந்தக் கரையின் பரதவர்கள் கத்தோலிக்கர்களாகிவிட்டார்கள். மந்திரம் மட்டும் போகவில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இலங்கைக் கரையின் கடல்கட்டிக் குடும்பத்துக்குத் தலைவராக இருந்தவர் ரோமன் கத்தோலிக்கர் என்று எமர்சன் டென்னன்ட் எழுதுகிறார். மந்திரத்துக்கும் மதத்துக்கும் சம்பந்தமில்லை, சொல் தெரிந்தால் போதும் என்பதுதான் அங்கே ஏற்பாடு. இதைவிடச் சுருக்கமாகப் பாஸ்வேர்டை விளக்க எனக்குத் தெரியாது. நீ யார் என்று அது கேட்பதில்லை. உனக்குச் சொல் தெரியுமா என்று மட்டும்தான் கேட்கும்.

இனி மாமா கதை. அவர் தோணியில் மாலத்தீவுக்கு வெங்காயம், காய்கறி, செங்கல் என்று சரக்கு அனுப்புகிற சின்ன ஏற்றுமதிக்காரர். ஒருநாள் மாலேயிலிருந்து வியாபாரி போன் செய்து, “புது அக்கவுண்டுக்குப் பணம் போட்டாச்சு அண்ணாச்சி, வந்துட்டா?” என்று கேட்டிருக்கிறார். எந்தப் புது அக்கவுண்டு? மாமாவின் முகவரியிலிருந்தே, மாமா வழக்கமாக எழுதுகிற மாதிரியே, அவர் இன்வாய்ஸ் வடிவத்திலேயே ஒரு மெயில் போயிருக்கிறது: ஆடிட் நடப்பதால் பழைய கணக்கில் போடவேண்டாம், இதில் போடுங்கள். ஒரு தோணிச் சரக்கின் பணம் போய்விட்டது. யாரோ பல வாரமாக உள்ளே உட்கார்ந்து, ஒரு சத்தமும் காட்டாமல், சரியான இன்வாய்ஸ் வருகிற வரைக்கும் படித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

“மாமா, பாஸ்வேர்டு என்ன வச்சிருந்தீங்க?”

“பனிமயமாதான்னு போட்டு, பின்னால திருவிழாத் தேதி. அது யாருக்குல தெரியப் போவுது?”

ஆகஸ்ட் 5 தூத்துக்குடியில் யாருக்குத் தெரியாது? ஆனால் திருடன் அதை ஊகிக்கவே தேவையில்லை. அதே சொல்லைத்தான் பஸ் டிக்கெட் எடுக்கிற தளத்திலும், பழைய ஷாப்பிங் கணக்கிலும், இன்னும் நாலைந்து இடத்திலும் வைத்திருந்தார். அதில் ஏதாவது ஒரு கடையின் பட்டியல் வெளியே போனால் போதும். 2009இல் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து இப்படி 3.2 கோடிப் பாஸ்வேர்டுகள் மறைகுறியாக்கம்கூட இல்லாமல் வெளியே போயின. அந்தப் பட்டியலில் அதிகம் பேர் வைத்திருந்தது ‘123456’. அதற்குப் பிறகு திருடர்கள் பூட்டை உடைப்பதில் நேரம் செலவழிப்பதே குறைவு. ஒரு வீட்டில் கிடைத்த சாவியைத் தெருவில் உள்ள எல்லாக் கதவிலும் போட்டுப் பார்க்கிறார்கள்.

கணினிப் பாஸ்வேர்டின் வரலாறும் திருட்டோடுதான் ஆரம்பிக்கிறது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஒரே கணினியைப் பலர் பங்கிட்டுப் பயன்படுத்தினார்கள். ஒருவர் கோப்பை இன்னொருவர் பார்க்கக்கூடாது என்று ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு ஆளுக்கொரு பாஸ்வேர்டு கொடுத்தது. ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு வாரத்துக்கு 4 மணி நேரம்தான் ஒதுக்கீடு, அது பற்றவில்லை. 1962இல் பாஸ்வேர்டுகள் இருந்த கோப்பையே அச்சடித்துத் தரும்படி கணினியிடம் கேட்டார். அதுவும் அச்சடித்துக் கொடுத்துவிட்டது! பல பத்தாண்டு கழித்துத்தான் ஒத்துக்கொண்டார். 1979இல் ராபர்ட் மோரிஸும் கென் தாம்சனும் 3,289 பாஸ்வேர்டுகளைச் சேகரித்துப் பார்த்தார்கள். அதில் 86 சதவீதம் மிகச் சின்னதாகவோ, அகராதியில் கிடைக்கிற சொல்லாகவோ இருந்தன. அப்போது பனிமயமாதா வைத்தவர் இல்லை, அவ்வளவுதான்.

அப்புறம் வந்தது ஒரு பெரிய எழுத்து, ஒரு எண், ஒரு குறி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்று என்கிற சட்டம். அமெரிக்கத் தரநிலை நிறுவனத்துக்காக பில் பர் 2003இல் எழுதிய ஆவணம்தான் இதை உலகம் முழுக்கப் பரப்பியது. நாமும் நம் வங்கிகளும் அதைப் பிடித்துத் தொங்கினோம். ஜனங்கள் என்ன செய்தார்கள்? முதல் எழுத்தைப் பெரிதாக்கி, கடைசியில் 1ஐயும் ஆச்சரியக்குறியையும் ஒட்டினார்கள். மூன்று மாதம் கழித்து 1ஐ 2 ஆக்கினார்கள். 2017இல் அந்த நிறுவனம் தன் விதியைத் திருத்தியது. அதில் பெரும்பகுதிக்கு இப்போது வருந்துகிறேன் என்று பர் அதே ஆண்டு ஒரு செய்தித்தாளிடம் சொன்னார்.

நீளம்தான் வேலை செய்கிறது. கண்டபடி எடுத்த எட்டுச் சின்ன ஆங்கில எழுத்துக்கு சுமார் 20,900 கோடிச் சாத்தியங்கள். இன்றைய இயந்திரத்துக்கு இது ஒன்றும் பெரிதில்லை. 1995இல் ஆர்னால்ட் ரைன்ஹோல்ட் ஒரு தாயக்கட்டை முறை சொன்னார்: 7,776 சொற்கள் உள்ள பட்டியல், பகடையை ஐந்து முறை உருட்டினால் ஒரு சொல். இப்படி நான்கு சொல் எடுத்தால் 36 கோடி கோடிக்கு மேல் போகிறது. பகடை முக்கியம். நாமாக யோசித்தால் உப்பளத்துக்குப் பிறகு கடல்தான் வரும். குறளின் முதலடியை ஆங்கில எழுத்தில் அடித்துவிட்டுப் பத்திரம் என்று நினைக்கிற நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. தமிழ்நாட்டில் அதைவிடப் பிரபலமான வரி எது என்று கேட்டேன், கோபித்துக்கொண்டார்.

மாமாவுக்கும் இப்படி நாலு சொல் உருட்டிக் கொடுத்தேன். அன்று இரவே மாற்றினார். அத்தோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். மூன்று நாள் கழித்து இன்னொரு வியாபாரிக்கும் அதே ‘புது அக்கவுண்டு’ மெயில்.

அப்போதுதான் போலோ ஞாபகம் வந்தார். வாசலில் பூட்டை மாற்றினோம், பழைய கட்டை அவிழ்க்கவில்லை. கணக்கின் அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்தால், ‘இன்வாய்ஸ்’ என்ற சொல் வருகிற எல்லா மெயிலையும் வெளி முகவரி ஒன்றுக்கு அனுப்பச் சொல்லி ஒரு ஃபார்வர்டு விதி. வியாபாரிகள் பதில் எழுதினால் மாமா கண்ணில் படாமல் நேராகக் குப்பைக்குத் தள்ள ஒரு ஃபில்டர். மாமாவுக்குத் தெரியாத ஒரு கருவி இன்னும் லாகின் ஆகியே இருந்தது. மீட்பு மெயிலாக யாருடையதோ முகவரி. பாஸ்வேர்டை மாற்றியதால் இதில் ஒன்றும் அசையவில்லை. எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றி, விதிகளை அழித்து, மீட்பு எண்ணையும் முகவரியையும் சரிசெய்து, அனுமதி வாங்கியிருந்த செயலிகளை நீக்கி, அதற்குப் பிறகு இன்னொரு முறை பாஸ்வேர்டு மாற்றி, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பையும் போட்டோம். இதையெல்லாம் சந்தேகமில்லாத வேறு கணினியில் செய்யவேண்டும். ஆபீஸ் கணினியிலேயே வைரஸ் இருந்தால் புதுச் சொல்லும் அவனுக்குத்தான்.

ஓடிபி வந்த புதிதில் ஏதோ புதுக் கண்டுபிடிப்பு மாதிரி இருந்தது. அன்றைக்கு மட்டும் செல்லுகிற மந்திரம் இங்கே எழுநூறு வருஷத்துக்கு முன்னாலேயே இருந்திருக்கிறது. ஆனால் கடல்கட்டி யாரும் போனில் கேட்டவனுக்கெல்லாம் மந்திரத்தைச் சொன்னதாக எந்தப் பயணியும் எழுதவில்லை.

பெர்சிவல் 1803இல் வெளியிட்ட நூலில் ஒரு சம்பவம் உண்டு. ஒரு குளியாளின் காலைச் சுறா கடித்துவிட்டது. மந்திரக்காரரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். மலபார்க் கரையிலிருந்து வந்த ஒரு கிழவி என்மேல் பகை வைத்து எதிர்மந்திரம் போட்டுவிட்டாள் என்றார் அவர். மாமா மெயில் சேவையின் உதவிப் பிரிவுக்கு எழுதியபோது வந்த பதில் இந்த அளவுக்குச் சுவாரசியமாக இல்லை.

1930க்குப் போன் போட்டு, சைபர் கிரைம் இணையதளத்திலும் புகார் பதிந்தோம். அடுத்தவர் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்தினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவில் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம். ஆள் கிடைத்தால்தானே. பணம் போனது மூன்றாவது நாட்டுக் கணக்குக்கு. அங்கிருந்து அன்றைக்கே எடுத்திருக்கிறார்கள். நஷ்டத்தை மாமாவும் மாலே வியாபாரியும் ஆளுக்குப் பாதியாக ஏற்றுக்கொண்டார்கள், பல வருஷத்துப் பழக்கம் அதற்காகவாவது உதவியது. இப்போது கணக்கு எண் மாறினால் மெயிலை நம்புவதில்லை. பழைய நம்பருக்குப் போன் போட்டுக் குரலைக் கேட்ட பிறகுதான் பணம். சாயங்காலம் கடை அடைக்கும்போது ஆபீஸ் பையனைப் பார்த்து மாமா கேட்கிறார்: “லாக்அவுட் பண்ணிட்டியால?”