குட்டை ஆன்டெனாவும் கொள்ளைக் கப்பலும்

(அலை ஆண்ட கதை – 14)

அலைவரிசை 279 கிலோஹெர்ட்ஸ், ஆற்றல் 500 கிலோவாட், இடம் மேன் தீவின் வடகோடியில் உள்ள கிரான்ஸ்டல். மேன் தீவின் நெட்டலை வானொலித் திட்டத்தைப் பற்றிச் சென்ற இதழ் இந்த மூன்றோடு நின்றது. திட்டத்தின் நான்காவது அம்சம்தான் வில்லங்கம். நெட்டலை நிலையம் என்றால் ஊருக்கு வெளியே நிற்கும் அந்த ராட்சதக் கம்பம் இதில் இல்லை. அதற்குப் பதிலாக, அதன் உயரத்தில் சிறு பங்கே வரும் 'கிராஸ்டு ஃபீல்டு ஆன்டெனா', சுருக்கமாக சி.எஃப்.ஏ. பெரிய நெட்டலை நிலையம் எதுவும் அதுவரை நம்பிக் கைவைக்காத சரக்கு.

குட்டையாக ஏன் வேண்டும் என்பதற்குக் கணக்குப் போட்டாலே போதும். 279 கிலோஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் ஏறத்தாழ 1,075 மீட்டர். கால் அலை உயரத்துக்குக் கம்பம் நட்டால் 269 மீட்டர். இங்கிலாந்தில் பி.பி.சி.யின் டிராய்ட்விச் கம்பங்கள் 213 மீட்டர். அயர்லாந்தின் மீத் மாவட்டத்தில் 1989-இல் ஒலிபரப்பைத் தொடங்கிய அட்லான்டிக் 252-இன் கம்பம் 248 மீட்டர். அதை நடுவதற்குள் உள்ளூர்க்காரர்கள் படுத்திய பாடு கொஞ்சமல்ல. போலந்தின் கான்ஸ்டன்டினோவில் 646 மீட்டருக்கு நின்ற கம்பம், இழுவைக் கம்பிகளை மாற்றும்போது 1991 ஆகஸ்டில் சரிந்தே போனது. சுற்றுலாப் பயணிகள் வரும் ஒரு சின்னத் தீவில் இப்படியொன்றை நடப்போகிறோம் என்றால் யார் கையெழுத்துப் போடுவார்கள்?

திட்டத்தின் முன்னணியில் இருந்தவர் பால் ரஸ்லிங். 1984-இல் கடலிலிருந்து முழங்கிய லேசர் 558 கப்பல் வானொலியை உருவாக்கியவர்களில் ஒருவர். கப்பல் வானொலிக்காரர் ஒருவர் மேன் தீவில் வந்து உரிமம் கேட்கிறார் என்றால், அந்தத் தீவின் வயதானவர்கள் கிழக்கே ராம்சே விரிகுடாவைத் திரும்பிப் பார்த்திருப்பார்கள். காரணம், 1964.

ரோனன் ஓ'ரஹில்லி என்ற ஐரிஷ் இளைஞன். தாத்தா மைக்கேல் ஓ'ரஹில்லி, 1916 ஈஸ்டர் கிளர்ச்சி வேண்டாம், தோற்றுவிடும் என்று நாடு முழுக்க அலைந்து தடுக்கப் பார்த்தவர். தடுக்க முடியவில்லை என்றதும் தன் சொந்தக் காரை ஓட்டிக்கொண்டு கிளர்ச்சியாளர்களிடமே வந்து சேர்ந்தார். அந்தக் கார் டப்ளின் தெருவில் தடுப்பரணாகப் போனது. அவர் மூர் தெருவில் குண்டடி பட்டு இறந்தார். பேரனுக்கு அந்த ரத்தம். ஆனால் அவனுடைய போர் பாட்டுக்காக.

ஜார்ஜி ஃபேம் என்ற பாடகருக்கு ரோனன் மேலாளர். இசைத்தட்டைத் தூக்கிக்கொண்டு போனால் பி.பி.சி. ஏறெடுத்துப் பார்க்கவில்லை. ரேடியோ லக்ஸம்பர்க்கில் பெரிய இசைத்தட்டு நிறுவனங்கள் நேரத்தை மொத்தமாக வாங்கி வைத்திருந்தன. அப்படியானால் நமக்கென்று ஒரு நிலையம் வேண்டியதுதான் என்று முடிவெடுத்ததாக ரோனன் பிற்பாடு பலமுறை சொன்னார். ஓரளவு மிகைப்படுத்தியிருப்பார், அவர் பேச்சில் எதுதான் மிகையில்லை?

ஃபிரெடெரிசியா என்ற பழைய டென்மார்க் படகுக் கப்பலை வாங்கினார்கள். அயர்லாந்தின் கிரீனோர் துறைமுகம் ரோனனின் அப்பாவுடையது. யாரும் கேள்வி கேட்காத இடம். கப்பலின் நடுவே 50 மீட்டர் அளவுக்கு ஒரு கம்பம், அடியில் இரண்டு 10 கிலோவாட் ஒலிபரப்பிகள். வேடிக்கை என்னவென்றால், போட்டி நிறுவனமான ரேடியோ அட்லான்டாவின் மி அமிகோ கப்பலும் அதே துறைமுகத்தில்தான் தயாராகிக்கொண்டிருந்தது. முந்தியது ரோனன். 1964 மார்ச் 28, ஃபீலிக்ஸ்டோவுக்கு வெளியே கடலில், ரோலிங் ஸ்டோன்ஸ் பாட்டோடு ரேடியோ கேரொலைன் பிறந்தது. அதிபர் கென்னடியின் குட்டி மகளுடைய பெயர் அது. தந்தையின் அலுவலகத்தில் அவள் விளையாடும் படத்தைப் பார்த்து வைத்தாராம்.

ஜூலையில் இரண்டு நிறுவனங்களும் கைகோத்தன. மி அமிகோ தெற்கிலேயே தங்கியது. ஃபிரெடெரிசியா இங்கிலாந்தைச் சுற்றிக்கொண்டு, பாட்டை நிறுத்தாமலே மேன் தீவுக்குப் பயணப்பட்டது. கரையோர ஊர்களில் ஜனங்கள் கூடி நின்று வேடிக்கை பார்த்தார்கள். மூன்று கடல் மைல் எல்லைக்கு வெளியே, ராம்சே விரிகுடாவில் நங்கூரம் போட்டது. கேரொலைன் நார்த். அங்கிருந்து வட இங்கிலாந்து, வேல்ஸின் வடக்கு, ஸ்காட்லாந்தின் மேற்கு, அயர்லாந்து எல்லாமே எட்டும் தூரம். உச்சரிப்பு சுத்தமான பி.பி.சி. குரல்களைக் கேட்டே வளர்ந்த பிள்ளைகளுக்குப் பக்கத்து வீட்டு அண்ணன் பேசுவதுபோல் அறிவிப்பாளர்கள். மேன் தீவுக்கும் ஓசி விளம்பரம்.

இந்த இடத்தில்தான் லண்டன் அரசு வில்லன் வேடம் கட்டுகிறது. மேன் தீவு பிரிட்டனின் பகுதியல்ல. அரச பீடத்துக்குக் கட்டுப்பட்ட தனி ஆட்சி. ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்டது என்று தீவார் பெருமைப்படும் டின்வால்ட் என்ற நாடாளுமன்றம் அங்கே உண்டு. ஆனால் கம்பியில்லாத் தந்தி லண்டன் கையில். தீவு பலம்பொருந்திய வானொலி கேட்டபோது லண்டன் கொடுத்தது, தீவுக்குள்ளேயே அடங்கும் குறைந்த சக்தியில் மேன்க்ஸ் ரேடியோவுக்கு அனுமதி. 1964 ஜூனில் ஒரு கேரவன் வண்டியிலிருந்து அது மோட்டார் சைக்கிள் பந்தயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. அடுத்த மாதம் கேரொலைன் வந்து, யாரையும் கேட்காமல் பாதி பிரிட்டனுக்குப் பாடியது.

1967-இல் கடல் ஒலிபரப்புக் குற்றச் சட்டம் வந்தது. டோனி பென் பரிந்துரைத்தார், அஞ்சல் துறையில் அவருக்குப் பின் வந்த எட்வர்டு ஷார்ட் நிறைவேற்றினார். ஆகஸ்ட் நடுவிலிருந்து கப்பலுக்குச் சாப்பாடு கொண்டுபோவதும் விளம்பரம் கொடுப்பதும் குற்றம். டின்வால்டின் கீழவை அந்தச் சட்டத்தை ஏற்க மறுத்தது. மறுத்தால் என்ன? அரசாணை ஒன்றால் லண்டன் அதைத் தீவின் தலைமேல் சுமத்தியது. மக்கள் தேர்ந்தெடுத்த சபை வேண்டாம் என்ற சட்டத்தை ஓர் ஆணையால் திணித்ததை எந்தப் பெயர் சொல்லி நியாயப்படுத்தினாலும் அது அடாவடிதான். கேரொலைன் அப்போதும் அடங்கவில்லை. 1968 மார்ச்சில் அதை மடக்கியது சட்டமல்ல, கடன். பாக்கி வைத்த பணத்துக்காக டச்சு இழுவைக் கப்பல் நிறுவனம் இரண்டு கப்பல்களையும் அதிகாலையில் கட்டியிழுத்துக்கொண்டு போனது.

ஆகவே, முப்பது ஆண்டு கழித்து 279 கிலோஹெர்ட்ஸுக்கான திட்டம் வந்தபோது, அது தீவாருக்கு வெறும் வியாபாரமாகத் தெரிந்திருக்க முடியாது. பழைய கணக்கு ஒன்று பாக்கியிருந்தது.

உரிமம் இரண்டு கைகளிலிருந்து வரவேண்டும். நிகழ்ச்சி நடத்தும் உரிமம் தீவின் தகவல்தொடர்பு ஆணையத்திடம். அலைவரிசையைப் பயன்படுத்தும் உரிமம் லண்டனில், அப்போதைய வானொலித் தொடர்பு முகமையிடம். எந்த நாட்டுக்கு எந்த அலைவரிசை என்று பங்கிட்ட 1975 ஜெனீவா உடன்படிக்கை இங்கேதான் வாசலில் நிற்கிறது. அதே 279-இல் பெலாரஸின் சாஸ்னோவி நிலையம் இருந்தது. ஒன்பது கிலோஹெர்ட்ஸ் தள்ளி 270-இல் செக் நாட்டின் டோபோல்னா. இரவில் நெட்டலை வெகுதூரம் போகும். அண்டை நாட்டுக்கு இடைஞ்சல் வராது என்று உறுதி சொல்ல வேண்டியது லண்டன்.

ஜெனீவா திட்டத்தில் கணக்கில் வருவது ஒலிபரப்பியின் கிலோவாட் அல்ல, ஆன்டெனா உண்மையில் வெளியே வீசும் ஆற்றல். சாதாரணக் கம்பத்துக்கு அதைப் புத்தகம் பார்த்துச் சொல்லிவிடலாம். ஒரு கிலோவாட் வீசினால் ஒரு கிலோமீட்டர் தூரத்தில் மீட்டருக்கு 300 மில்லிவோல்ட் புலம் இருக்கும் என்பது அளந்து பழகிய கணக்கு. சி.எஃப்.ஏ.வுக்கு? அந்தக் கட்டத்தில் என்ன எண்ணை எழுதுவது என்பதற்கு, அதைக் கண்டுபிடித்தவர்களின் வாய்ச்சொல்லைத் தவிர வேறு பிடிமானம் போதவில்லை.

கண்டுபிடித்தவர்கள் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் கூடிய மூவர்: மாரிஸ் ஹேட்லி, எகிப்திலிருந்து வந்த ஃபாத்தி கப்பாரி, பிரையன் ஸ்டுவர்ட். 1989 மார்ச்சில் 'எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் ஒயர்லெஸ் வேர்ல்டு' இதழில் மாக்ஸ்வெல் சமன்பாடுகளைத் துணைக்கழைத்து ஒரு கட்டுரை எழுதினார்கள். மின்புலத்துக்கு ஓர் உருளை, காந்தப்புலத்துக்கு ஒரு தட்டு. இரண்டுக்கும் தனித்தனியே மின்சாரம், இடையில் கட்ட வேறுபாடு. அலை ஆன்டெனாவின் அருகிலேயே 'தொகுக்கப்படும்', ஆகவே உயரம் தேவையில்லை என்றார்கள். எகிப்தில் டான்டா முதலிய இடங்களில் மத்திய அலையில் நிறுவியும் காட்டினார்கள்.

கனடாவின் ஜாக் பெல்ரோஸ் போன்ற பொறியாளர்கள் மசியவில்லை. மாக்ஸ்வெல்லின் சமன்பாடுகள் மின்புலத்தையும் காந்தப்புலத்தையும் அப்படிப் பிரித்துச் சமைக்க விடாது, இது பருத்த ஒரு குட்டைக் கம்பம், அவ்வளவுதான் என்றார்கள். எகிப்தில் வீசியதில் கட்டடமும் கேபிளும் எவ்வளவு பங்கு போட்டன என்று கேட்டார்கள். 1947, 1948-இலேயே வீலர், சூ என்ற பொறியாளர்கள் சிறிய ஆன்டெனாவின் எல்லையை வகுத்துவிட்டார்கள். 279-இல் 30 மீட்டர் கம்பத்தின் உச்சியில் கம்பிக்குடை விரித்தாலும் கதிர்வீச்சுத் தடை ஏறத்தாழ 1.2 ஓம். மண்ணிலும் சுருளிலும் இழப்பு ஓரிரு ஓம் இருந்தால் 500 கிலோவாட்டில் ஏறக்குறைய பாதியோ அதற்கு மேலோ வெறும் சூடு. குரலுக்குத் தேவையான அலைப்பட்டை அகலமும் சுருங்கும்.

1967-இல் லண்டனை வில்லன் என்றோம். இந்த முறை, பெரிய உரிமத்துக்கு முன் சிறிய சக்தியில் சோதனை நடத்தி, வண்டியில் மீட்டரோடு சுற்றி அளந்து காட்டுங்கள் என்று கேட்பதே நியாயம். டின்வால்ட் கைதூக்கி ஓட்டுப் போட்டாலும் மாக்ஸ்வெல் மசியமாட்டார்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னால், கிரான்ஸ்டலை ஒட்டிய பிரைடு பகுதி மக்களின் எதிர்ப்பில் நிலத்துத் திட்டம் சிக்கியது. ராம்சே விரிகுடாவில் மேடை கட்டி அதன்மேல் நிலையம் வைக்கும் யோசனை வந்தது. மேடையும் எழவில்லை, 279-இல் மேன் தீவின் குரலும் எழவில்லை. அதற்குள் 2001 டிசம்பரில் அயர்லாந்தின் அட்லான்டிக் 252 பாட்டை நிறுத்திவிட்டது. பாப் இசை கேட்கும் இளைஞர்கள் பண்பலைக்குப் போய்விட்டார்கள், விளம்பரதாரர்களும் பின்னாலேயே போனார்கள். 248 மீட்டர் கம்பமும், லக்ஸம்பர்க் பணமும் இருந்த நிலையம் ஏன் 12 ஆண்டில் படுத்தது என்பது அடுத்த இதழில்.