திருமணப் பத்திரிகையும் பேஜ்மேக்கரும்: டெல்டா அச்சகங்களின் எழுத்துரு வரலாறு

தஞ்சாவூர்–திருவாரூர் ரயில்பாதையில் மன்னார்குடிக்குக் கிளை பிரியும் சந்திப்பு நீடாமங்கலம். இதுபோன்ற டெல்டா ஊர்களின் சிறு அச்சகங்களுக்குத் திருமணப் பத்திரிகையும் கும்பாபிஷேக அழைப்பிதழும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியும் அன்றாட வேலை. இவற்றை வடிவமைக்க வந்த பேஜ்மேக்கர் மென்பொருள், அதை விற்ற நிறுவனம் கைவிட்ட பின்னும் தமிழ்நாட்டு டிடிபி மேசைகளில் நீடித்தது. பழக்கத்தை விடமாட்டாத பிடிவாதம் என்று இதை ஒதுக்குவோர் உண்டு. அது அநியாயமான தீர்ப்பு. அந்தக் கோப்புகளுக்குள் தமிழ் பதிந்திருக்கும் விதத்தில்தான் காரணத்தைத் தேட வேண்டும்.

ஆல்டஸ் நிறுவனம் 1985-இல் மெக்கின்டாஷுக்கும் 1987-இல் விண்டோஸுக்கும் பேஜ்மேக்கரை வெளியிட்டது. 1994-இல் ஆல்டஸை அடோபி வாங்கியது. 2001-இல் வந்த 7.0 கடைசிப் பெரும் பதிப்பு. 2004-இல் மேம்பாடு நின்றது. யூனிகோடை அறியாத இம்மென்பொருளில் ஓர் எழுத்துருவுக்கு 256 இடங்களே உண்டு. எழுத்துரு செய்தவர்கள் ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை அமர்த்தினார்கள். ஸ்ரீலிபி, வானவில், பாமினி என ஒவ்வொன்றும் தனி வரிசை. பாமினியில் அடித்த ‘தமிழ்’ என்ற சொல், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவும் தெரியும். ‘கெ’ என்று அடிக்க முதலில் கொம்பு, பிறகு க. யூனிகோடில் க முந்தும், கொம்பு பிந்தும்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு டேம், டேப் என இரு குறியேற்றங்களை முன்வைத்தது. 2010-இல் தமிழக அரசு யூனிகோடையும் டேஸ் 16 என்ற குறியேற்றத்தையும் ஏற்றது. ஆனால் அச்சகங்களில் அதற்குள் ஆண்டுக்கணக்கான கோப்புகள் பழைய வரிசைகளிலேயே குவிந்துவிட்டன. போன முகூர்த்தத்துக்குச் செய்த பத்திரிகையைத் திறந்து பெயரையும் நாளையும் மாற்றி அடுத்ததைத் தயாரிக்கும் தொழிலில், பழைய கோப்புதான் முதலீடு.

விண்டோஸ் மாறிய கதை இதற்குப் பின்தான் வருகிறது. பேஜ்மேக்கர் 5.0 பதிப்பு 16-பிட். 64-பிட் விண்டோஸில் அது ஓடாது. 32-பிட்டான 7.0-ஐ, காம்பேட்டிபிலிட்டி மோடில் விண்டோஸ் எக்ஸ்பியைத் தேர்ந்து, அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையுடன் திறந்து பலர் ஓட்டுகிறார்கள். மெய்நிகர் கணினியில் எக்ஸ்பியையே நிறுவுவது இன்னும் உறுதியான வழி. எக்ஸ்பிக்கான மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2014 ஏப்ரலில் முடிந்துவிட்டதால், அந்த மெய்நிகர் கணினியை இணையத்தில் இணைக்கக் கூடாது.

என் கருத்தில், மென்பொருளை ஓடவைப்பதைவிட உள்ளிருக்கும் எழுத்தை மீட்பதே அவசரம். பேஜ்மேக்கர் 6.0 முதலான கோப்புகளை அடோபியின் இன்டிசைன் சிஎஸ்6 திறக்கும். 2013-இல் வந்த சிசி பதிப்பிலிருந்து அந்த வசதி இல்லை. ஆகவே சிஎஸ்6 வைத்திருக்கும் அச்சகம் அதையும் பாதுகாக்க வேண்டும். எடுத்த உரையை யூனிகோடாக்க, சென்னை நியூ ஹொரைசன் மீடியா வெளியிட்ட என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற கருவிகள் உண்டு.

மாற்றிய பின் மெய்ப்பு பார்த்தே தீர வேண்டும். பழைய எழுத்துருக்கள் பலவற்றில் ஔகாரத்தின் பின்பாதிக்குத் தனிக் குறி கிடையாது, ள எழுத்தையே அடித்தார்கள். அதனால் மணமகள் பெயருக்கு முன் வரும் ‘சௌ’, மாறும்போது செ, ள என்று இரண்டெழுத்தாகப் பிரிந்து நிற்கும். சரியான வடிவமும் பிரிந்த வடிவமும் கண்ணுக்கு ஒன்றுபோல் இருப்பதால் தாளில் தப்பிவிடும். தேடும்போது அந்தப் பெயர் கிடைக்காது.