ஓடும்போது எவ்வளவு தண்ணி குடிக்கணும்? நூறு வருஷக் குழப்பம்

போன மாசம் ஒருத்தர் வந்தார். வயசு 43. முதல் ஃபுல் மாரத்தானுக்குப் பயிற்சி எடுக்கிறார். "நடுவுல பயிற்சிக்காக ஒரு ஹாஃப் மாரத்தான் ஓடப்போறேன் டாக்டர். எவ்வளவு தண்ணி குடிக்கணும்?"

சின்னக் கேள்விதான். ஆனா இதுக்கு மருத்துவ உலகம் நூறு வருஷமா மாத்தி மாத்திப் பதில் சொல்லியிருக்கு மக்களே.

1904. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக். சுமார் 40 கி.மீ. மாரத்தான் (42.195 கி.மீ. என்ற கணக்கு 1908 லண்டனில்தான் வந்தது). ஆகஸ்ட் மாசம், 32 டிகிரி வெயில், புழுதி ரோடு. வழியில் தண்ணி கிடைச்சது ஓரிரு இடத்துலதான். காரணம் பணப் பற்றாக்குறை இல்லீங்க. போட்டியை நடத்திய ஜேம்ஸ் சல்லிவனுக்கு, தண்ணி இல்லாம உடம்பு எப்படித் தாங்குதுன்னு பார்க்க ஆசை!

ஓட ஆரம்பிச்சவங்க 32 பேர். முடிச்சவங்க 14 பேர்.

ஜெயிச்ச தாமஸ் ஹிக்ஸ் தண்ணி கேட்டுக் கெஞ்சினார். கூட வந்தவங்க வாயை மட்டும் நனைச்சுவிட்டாங்க. பதிலுக்குக் கொடுத்தது என்ன தெரியுமா? முட்டை வெள்ளைக்கருவில் ஸ்ட்ரிக்னைன், அப்புறம் பிராந்தி. ஸ்ட்ரிக்னைன் என்பது நம்ம ஊர் எட்டி விதையில் இருக்கிற அதே விஷம். மனுஷன் பிழைச்சதே பெரிய விஷயம்.

"ஓடும்போது தண்ணி குடிச்சா பலவீனம்" என்ற நம்பிக்கை அதுக்கப்புறமும் ரொம்ப வருஷம் ஓடிச்சு.

பிறகு ஊசல் மறுபக்கம் போச்சு. 1965-ல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் டாக்டர் ராபர்ட் கேட் குழு கேட்டரேடை உருவாக்கியது. விளையாட்டு பானம் பெரிய வியாபாரம் ஆச்சு. 1996-ல் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் வழிகாட்டுதலே, வேர்வையில் போற அளவுக்கு, இல்லைன்னா வயிறு தாங்கும் அளவுக்குக் குடிங்கன்னு சொல்லிடுச்சு.

இதுக்கு நடுவுல தென்னாப்பிரிக்காவில் டாக்டர் டிம் நோக்ஸ் 1985-லேயே எச்சரிச்சிருந்தார். நீண்ட தூரம் ஓடிய நாலு பேர் மயங்கினது தண்ணி குறைஞ்சு இல்ல, கூடிப்போய்! யாரும் பெருசா காதுல வாங்கல.

2002 பாஸ்டன் மாரத்தான். 28 வயசுப் பெண் ஒருவர் ஓட்டத்தில் சரிந்து இறந்துபோனார். காரணம் ஹைப்போநேட்ரீமியா, அதாவது ரத்தத்தில் சோடியம் குறைவது.

நீண்ட நேரம் ஓடும்போது ஒரு ஹார்மோன் சிறுநீரகத்துக்கிட்ட "தண்ணியை வெளிய விடாதே"ன்னு சொல்லும். அந்த நேரத்துல லிட்டர் கணக்கா குடிச்சா சோடியம் நீர்த்துப்போகும். மூளை வீங்கும். மண்டையோட்டுக்குள்ள வீங்க இடம் ஏது? தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு.

கொடுமை என்னன்னா, பார்க்கிறவங்களுக்கு இது நீர் வற்றின மாதிரியே தெரியும். பாவம்னு இன்னும் ரெண்டு பாட்டில் தண்ணி கொடுப்பாங்க.

அதே ஓட்டத்தில் 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்த ஆய்வு 2005-ல் வெளியானது. 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைவு. யாருக்கு? ஓட்டத்தின்போது எடை கூடினவங்களுக்கும், 4 மணி நேரத்துக்கு மேல எடுத்துக்கிட்டவங்களுக்கும் ஆபத்து அதிகம். வேகமா ஓடுறவனுக்குக் குடிக்கவே நேரம் இல்ல. மெதுவா ஓடுற நம்மள மாதிரி ஆளுங்கதான் ஒவ்வொரு ஸ்டால்லயும் நிப்போம்.

2007-ல் வழிகாட்டுதலைத் திருத்தினாங்க: எடை 2 சதவீதத்துக்கு மேல குறையவும் வேண்டாம், கூடவும் வேண்டாம்.

அதனால அவர்கிட்ட லிட்டர் கணக்கு எதுவும் சொல்லல. "தாகம் எடுத்தா குடிங்க. ஓடுறதுக்கு முன்னாடி, முடிச்ச உடனே, ஈரத்துணியை மாத்திட்டு எடை பாருங்க. ஹாஃப் ஓடுறதே இதைத் தெரிஞ்சுக்கத்தான்னு வச்சுக்கோங்க"ன்னேன்.

ஞாயித்துக்கிழமை காலையில வாட்ஸப்பில் மெசேஜ் வந்தது.

"முன்னாடி 74.2. பின்னாடி 74.9. லேசா தலைவலி. ஸ்டால்ல கொடுத்ததை எல்லாம் குடிச்சேன் டாக்டர், வேணாம்னு சொல்ல மனசு வரல."

உடனே போன் பண்ணினேன். "இப்ப தண்ணி வேண்டாம், உப்பா ஏதாவது சாப்பிடுங்க. வாந்தியோ குழப்பமோ வந்தா யாரையாவது கூட்டிக்கிட்டு நேரா எமர்ஜென்சிக்குப் போங்க."

மதியம் சரியாயிட்டார். ஃபுல் மாரத்தானுக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கு.