திருப்பதியம் பாடுவார்க்கு முக்குறுணி நெல்

இசையென்றவுடன் இக்காலத்தார் அரங்கையும் அநுமதிச் சீட்டையும் நினைப்பர். நம் முன்னோரோ அதனை மரக்காலொடு சேர்த்து எண்ணினர். தஞ்சை இராசராசேச்சுரத்துக் கல்வெட்டொன்று இதற்குச் சான்று.

முதல் இராசராசன் (985–1014) தன் 29-ஆம் ஆட்சியாண்டு வரையில் அக்கோயிலில் திருப்பதியம் விண்ணப்பஞ்செய்ய நியமித்தார் 48 பிடாரர், உடுக்கை வாசிப்பார் ஒருவர், கொட்டிமத்தளம் வாசிப்பார் ஒருவர், ஆக ஐம்பதின்மர். ஒவ்வொருவர்க்கும் நாடோறும் ஆடவல்லான் என்னும் மரக்காலால் முக்குறுணி நெல். கூட்டின் நாளொன்றுக்கு 150 குறுணி. 12 குறுணி ஒரு கலமாகலின் 12½ கலம். திருவிழாவில் ஒருநாள் அளிக்கும் பரிசிலன்று இது. பூவும் விளக்கெண்ணெயும் போல அன்றாடம் வேண்டப்படும் பொருளாகவே இசை அங்கு வைத்தெண்ணப்பட்டது. பிடாரர் பெயர் பல 'சிவன்' என முடிதலின், அவர் தீக்கைபெற்ற அடியார் என்று கொள்ளலாம்.

இனி, பாடுவார் ஒருவர் இறப்பினும் புலம்பெயரினும் என் செய்வது? அவர்க்கு அணுக்க உறவினர் அந்நெற் பெற்றுப் பாடுக; அவ்வுறவினர் தாம் தகுதியிலராயின், தக்கார் ஒருவரைப் பாடுவித்து அந்நெல்லை அவர் பெறச்செய்க; உறவினரே இலராயின், ஏனைப் பிடாரர் கூடித் தக்காரைத் தெரிக. இவ்வாறு கல்வெட்டு விதிக்கின்றது. குடிவழியுரிமையை மன்னன் மறுத்திலன். ஆயினும் பாடாத வாய்க்கு நெல்லளக்க உடன்பட்டிலன். இவ்வொரு விதியைப் பிற்காலத்தார் காத்திருப்பரேல், பண்ணறியாது பதிகத்தை வாசித்துவிட்டுப் போவார் இத்துணையர் ஆகியிரார்.

மறைந்துகிடந்த திருமுறைகளை நம்பியாண்டார் நம்பி வெளிப்படுத்தினமையையும், எருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த அம்மையார் ஒருவர் பண்ணடைவு வகுத்தமையையும் திருமுறைகண்ட புராணம் கூறும். ஆனால் இராசராசனுக்கு ஒரு நூற்றாண்டிற்கும் முற்பட்ட, பல்லவ நந்திவர்மன் காலத்துத் திருவல்லக் கல்வெட்டில் திருப்பதியம் பாடுவார் குறிக்கப்படுகின்றனரே எனின், அதனாற் புராணம் பொய்ப்படாது. சிற்சில தலங்களிற் சிற்சில பதிகங்கள் ஓதப்பட்டு வந்தமையும், முழுத்தொகையும் பண்முறையும் ஓரிடத்தும் கிட்டாதிருந்தமையும் தம்முள் முரணா என்பது எமது துணிபு. ஏடு செல்லரித்தால் சொல் போம்; பாடுவார் அற்றால் பண் போம். பின்னதை மீட்டற்கு ஏடு உதவாமையாலன்றோ அம்மையார் வேண்டப்பட்டனர்?

அவர் வழி வந்த பண்கள் பகற்பண், இராப்பண், பொதுப்பண் எனப் பொழுதுபற்றி வகுக்கப்படும். புறநீர்மை விடியலுக்குரியது, இன்று பூபாளம் என்பர். மேகராகக்குறிஞ்சி இராப்பண், இதுவே நீலாம்பரி. தொட்டிலாட்டும் தாய்மார் பலர் பண்ணின் பெயரறியார். ஆயினும் தாலாட்டில் அதன் சாயலே வருகின்றது. பள்ளியறைப் போதில் நாகசுரத்திலும் அதுவே கேட்கப்படும். இல்லும் கோயிலும் ஒரு பொழுதுக்கு ஒரு பண்ணையே கொண்டமை காண்க.

ஓதுவாரில்லாத கோயில்களில் இப்பொழுது ஒலிபெருக்கியில் பதிவு ஒலிக்கின்றது. பதிவு பொழுதறியாது. உச்சிப்போதில் மேகராகக்குறிஞ்சியும் அர்த்தயாமத்தில் புறநீர்மையும் கேட்கின்றோம். கேட்டும் வேறுபாடு தோன்றாமற் கும்பிட்டுப் போகின்றோம்.