தோள் சொல்லும் சேதி

சட்டைக்குள் கையை நுழைக்க முடியவில்லை. தலை சீவக் கை உயரவில்லை. வீட்டில் என்ன சொல்வார்கள்? "காற்று பிடித்திருக்கும், தைலம் தேய்த்தால் போய்விடும்." மாதங்கள் ஓடியும் வலி போகவில்லை. நடக்கும்போது அந்தக் கை வீசுவதும் நின்றுவிட்டது. இது வயதின் கோளாறா, வேறொரு நோயின் முன்னறிவிப்பா? இந்தக் கேள்விக்கு விடை கிடைக்க ஏறக்குறைய 170 ஆண்டுகள் பிடித்தன.

1817ஆம் ஆண்டில் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் நடுக்குவாதம் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அவர் விவரித்தவர்கள் ஆறே பேர். அவர்களில் சிலரைத் தெருவில் பார்த்ததோடு சரி. நடுங்கும் கையையும் குனிந்த நடையையும் அழகாக எழுதிய அவர், தசை இறுக்கத்தை ஒரு தனி அறிகுறியாகச் சொல்லவில்லை. தொட்டுப் பார்த்தால்தானே இறுக்கம் தெரியும்!

அந்தக் குறையைத் தீர்த்தவர் பாரிஸ் நகரின் சல்பெத்ரியேர் மருத்துவமனையில் பணியாற்றிய ஷார்கோ. நடுக்கமே இல்லாமல் இறுக்கத்தால் மட்டும் அவதிப்படுவோரும் உண்டு என்று அவர் எடுத்துக்காட்டினார். நோய்க்குப் பார்க்கின்சனின் பெயரைச் சூட்டியவரும் அவரே.

நோயாளிகள் சொல்வதை ஷார்கோ காது கொடுத்துக் கேட்டார். ரயிலிலோ குதிரை வண்டியிலோ நெடுந்தூரம் குலுங்கிப் போனால் உடம்பு இலகுவாகிறது என்றார்கள் சிலர். உடனே அதிரும் நாற்காலி ஒன்றைச் செய்ய வைத்தார். 1892இல் அதுபற்றி விரிவுரையும் ஆற்றினார். 2012இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அதைச் சோதித்தபோது, அதிர்வு பெற்றவர்களும் அதிர்வின்றிச் சாய்ந்திருந்தவர்களும் ஒரே அளவில்தான் தேறினார்கள். அதிர்வுக்குத் தனி மகிமை இல்லை என்பது அப்போது தெளிவானது.

உண்மையான நிவாரணம் மூளையிலிருந்து வந்தது. டோப்பமின் என்ற இரசாயனத்தின் முக்கியத்துவத்தைச் சுவீடனின் கார்ல்சன் 1957இல் காட்டினார். நோயாளிகளின் மூளையில் அது குறைந்துபோகிறது என்பதை 1960இல் வியன்னா ஆய்வாளர்கள் கண்டார்கள். அதை ஈடுசெய்யும் லெவோடோப்பா மருந்தைச் சிறுகச் சிறுகக் கூட்டி வாய்வழி கொடுக்கும் முறையை 1967இல் கொட்சியாஸ் அமெரிக்காவில் வெளியிட்டார். இறுகிய கைகால்கள் இளகின.

இதில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. அதே லெவோடோப்பாவைப் பூனைக்காலி விதையிலிருந்து 1937இலேயே சென்னையில் தாமோதரன், இராமசாமி ஆகிய இருவர் பிரித்தெடுத்திருந்தனர். அதற்காக விதையை வாங்கி அரைத்துக் குடிக்கக் கூடாது. அளவு தவறினால் ஆபத்து.

சரி, தோளின் கதை என்ன? 1989இல் கனடா மருத்துவர்கள் 150 பார்க்கின்சன் நோயாளிகளை ஆராய்ந்தார்கள். அவர்களில் சுமார் 13 விழுக்காட்டினருக்குத் தோள்பட்டை உறைந்துபோயிருந்தது. நோயில்லாத மற்றவர்களிடம் அது 2 விழுக்காட்டுக்கும் குறைவு. சிலருக்கு நடுக்கம் தெரியும் முன்பே தோள் இறுகிவிட்டது. தசை இறுகுவதால் கை அசைவதில்லை. அசையாத மூட்டின் சவ்வு சுருங்குகிறது. வலி எடுக்கிறது. வலிக்குப் பயந்து கை இன்னும் அடங்கிவிடுகிறது.

இந்தச் சுழலை உடைக்க மருந்தும் அசைவும் சேர்ந்தே வேண்டும். மருந்தை நேரம் தவறாமல் சாப்பிட வேண்டும். அடுத்த வேளை நெருங்கும்போது வலி கூடினால், அந்த நேரத்தைக் குறித்து வைத்து மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மருந்து நன்றாக வேலை செய்யும் நேரத்தில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, விரல்களால் சுவரில் மெல்ல ஏறிப் பழகலாம். பிசியோதெரபி நிபுணரின் வழிகாட்டுதல் அவசியம். தூக்கிவிடுகிறோம் என்று வலிக்கும் கையைப் பிடித்து இழுக்கவே கூடாது.

தோள்வலி எல்லாமே பார்க்கின்சன் அல்ல. நீரிழிவு உள்ளவர்களுக்கும் தோள் உறைவதுண்டு. ஆனால் வலியோடு கை வீசுவது குறைந்து, கையெழுத்தும் சிறுத்து, சட்டைப் பொத்தான் போடவும் நேரமானால், தைலப் புட்டியை மூடி வைத்துவிட்டு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நடுங்காத கைக்கும் நோய் வரலாம். பெரியவர்கள் "தோள் வலிக்கிறது" என்றால், வயதைக் காரணம் காட்டாமல் காது கொடுத்துக் கேட்பதே நாம் அவர்களுக்குக் கொடுக்கும் முதல் தோள்.