கவலையிலிருந்து ஷவர் மோட்டார் வரைக்கும்

தீபாவளிக்கு வந்த மருமகன் குளிச்சுட்டு வந்து, "மாமா, ஷவர்ல தண்ணி நூல் மாதிரி வருதுங்க" என்றார். பனியன் ஊர்க்காரருக்கு உவமை கூட நூலில்தான் வரும். சரி, ஒரு மோட்டார் போட்டுடலாம்னு கடைக்குப் போனேன். "டேங்க் ஷவருக்கு மேல எத்தனை அடி உயரத்துல இருக்குதுங்க?" என்று கேட்டார் கடைக்காரர். எனக்குத் தெரியவில்லை. எங்க அப்பாரு இருந்திருந்தால் இந்தக் கேள்விக்குத் திணறியிருக்க மாட்டார்.

அவர் காலத்தில் மங்கலத்துத் தோட்டங்களில் கவலை இறைப்புதான். ரெண்டு எருது, வடக்கயிறு, வால்கயிறு, சால், அதன் அடியில் தோல் தும்பி. எருதுகள் சரிவில் இறங்க இறங்கச் சால் மேலே ஏறும். மேலே வந்ததும் தும்பி வழியாகத் தண்ணீர் தொட்டியில் கொட்டும். கிணற்றில் தண்ணீர் பத்தடி இறங்கினால் எருதுக்குப் பத்தடி கூடுதல் நடை. உயரம் என்றால் என்ன விலை என்பது அந்த மாட்டுக்கே தெரியும்.

1932-ல் பைக்காரா மின்சாரம் வந்தது. 1937-ல் ஜி.டி. நாயுடு, டி. பாலசுந்தரம் நாயுடு முயற்சியில் கோயமுத்தூரிலேயே மின்மோட்டார் செய்தார்கள். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கவலை மறைந்து, கிணற்று மேட்டில் மோட்டார் ரூம் முளைத்தது. அந்தக் கரண்டுக்கும் ஒரு விலை கொடுத்திருக்கிறோம். யூனிட்டுக்குச் சில பைசா கட்டணம் ஏறியதை எதிர்த்துப் போராடியபோது, 1970 ஜூனில், இங்கிருந்து ரொம்ப தூரமில்லாத பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. மூன்று விவசாயிகள் செத்தார்கள். விவசாயத்துக்கு முழு இலவச மின்சாரம் வந்தது அதற்கு இருபது வருஷம் கழித்துத்தான்.

ஸ்விட்சைத் தட்டினால் தண்ணீர் என்றானதும் ஆழத்தை யாரும் கணக்குப் பார்க்கவில்லை. கிணறு வற்றியது, போர் போட்டோம், இன்னும் ஆழமாகப் போட்டோம். இன்னொரு பக்கம் நொய்யலில் சாயத்தண்ணி ஓடி, கரையோரக் கிணறுகள் பல உப்பாகிப் போயின. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் வெளியூர்க்காரர்கள் பலர் அந்த ஆற்றின் பெயரையே கேட்டிருப்பார்கள்.

வீட்டுக்கு வந்து டேப் வைத்து அளந்தேன். டேங்கின் அடிமட்டம் ஷவருக்கு மேலே ஆறடிதான். தண்ணீர் பத்து மீட்டர் உயரத்தில் நின்றால்தான் ஒரு கிலோ பிரஷர் கிடைக்கும், அதாவது முப்பத்து மூணு அடி. எங்க வீட்டில் கிடைத்தது கால் கிலோ கூட இல்லை. லாட்ஜில் பார்க்கிற அகல ஷவரை வாங்கி மாட்டிவிட்டு இதில் மழை எதிர்பார்த்தால் எப்படிங்க?

பிளம்பர் தம்பி வந்து பைப்பை வெட்டிக் காட்டினார். போர் தண்ணியின் உப்பு உள்ளே படிந்து, அரை இஞ்சுப் பைப்பில் பென்சில் நுழைகிற ஓட்டைதான் மிச்சம். முதலில் டேங்கிலிருந்து பாத்ரூம் வரைக்கும் ஒரு இஞ்சு லைன் மாற்றினோம். பாதிக் குறை அதிலேயே தீர்ந்தது.

அப்புறம்தான் அரை ஹெச்.பி. பூஸ்டர். இதில் ரெண்டு வகை இருக்குங்க. தண்ணீர் தானாகக் கொஞ்சம் ஓடினால்தான் ஃப்ளோ ஸ்விட்ச் மோட்டாரைக் கிளப்பும். டேங்க் ஷவர் மட்டத்திலோ அதற்குக் கீழேயோ இருந்தால் அது சும்மா உட்கார்ந்திருக்கும், அங்கே பிரஷர் ஸ்விட்ச் வகைதான் வேணும். எங்களுக்கு ஆறடி இருந்ததால் முதல் வகையே போதுமானதாக இருந்தது. டேங்க் காலியானால் தானே நிற்கிற வசதியும் கேட்டு வாங்கினேன். "பஞ்சாயத்து லைன்லயே நேரா மாட்டிடலாமுங்களா?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். கூடாதுங்க. அது அடுத்த வீட்டுத் தண்ணியை உறிஞ்சுகிற வேலை, சட்டப்படியும் தப்பு.

பொங்கலுக்கு மருமகன் வந்து குளித்தார். குறை ஒன்றும் சொல்லவில்லை. ஆத்தா மட்டும் இன்னும் அண்டாவில் மொண்டுதான் ஊற்றிக்கொள்கிறார், ஷவர் தலையில் குத்துதாம்.